பதினோராவது வளைவில் நான் கண்டது

அந்தச் சாட்சியை நான் மொத்தம் ஒன்பது முறை சொல்லியிருக்கிறேன். முதல் முறை சொல்லி முடிக்க இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. ஒன்பதாவது முறை இருபது நிமிடம் ஆனது. நடந்தது அதேதான், இடையில் புதிதாக எதுவும் நடந்துவிடவில்லை. அப்படியானால் மீதிப் பதினெட்டு நிமிடம் எங்கிருந்து வந்தது என்று யாராவது என்னைக் கேட்டிருக்கலாம். யாரும் கேட்கவில்லை. நானும் என்னைக் கேட்டுக்கொள்ளவில்லை.

சாட்சி என்றால் என்னவென்று தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். எங்கள் ஜெபவீட்டில் பாட்டு முடிந்ததும் பாஸ்டர் மைக்கைப் பிடித்து, "இந்த வாரம் ஆண்டவர் யாருக்கு என்ன செஞ்சாரு? வந்து சொல்லுங்க" என்பார். யாராவது எழுந்து போவார்கள். பிள்ளைக்குக் காய்ச்சல் விட்டது, காணாமல் போன ஆடு தானாக வீடு வந்து சேர்ந்தது, மகன் அரியர் பேப்பரைப் பாஸ் பண்ணிவிட்டான் என்று எதையாவது சொல்வார்கள். கேட்டவர்கள் கைதட்டி ஸ்தோத்திரம் சொல்வார்கள். நல்ல பழக்கம்தான். அதில் நான் எப்படி வழுக்கி விழுந்தேன் என்பதுதான் இந்தக் கதை.

ஜெபவீடு போடியில் எங்கள் தெருக் கடைசியில், தகரக் கூரை போட்ட சின்னக் கட்டடம். அறுபது பேர் உட்கார்ந்தால் வாசல்வரை நிறைந்துவிடும். நான் பத்தாவது படிக்கும்போது என் அம்மா சுருளியம்மாளுக்கு வயிற்றில் ஆபரேஷன் ஆனது. படுக்கையில் கிடந்தவளுக்கு மூன்று வாரம் கஞ்சி காய்ச்சிக் கொடுத்தது ஜெபவீட்டுப் பெண்கள்தான். எழுந்து நடமாடத் தொடங்கியதும் அம்மா அங்கே போனாள். என்னையும் கூட்டிப் போனாள். அப்பா வீரையா வரமாட்டார், தடுக்கவும் மாட்டார். பெரியப்பா வீட்டில்தான் கேலி தாங்காது. எங்கள் வீட்டுக்கு 'அல்லேலூயா வீடு' என்று பெயர் வைத்திருந்தார்கள்.

எனக்கு இயேசுவை நிஜமாகவே பிடித்திருந்தது. சனிக்கிழமை சாயங்காலம் ஜெபவீட்டைக் கூட்டிப் பெருக்குவது என் சோலி. யாரும் இல்லாத அந்தக் கூடத்தில் பாயை உதறிக்கொண்டே அவரோடு பேசுவேன். பள்ளிக்கூடத்தில் யாரோடு சண்டை, அம்மா ஏன் சிடுசிடுக்கிறாள், எதையும் விட மாட்டேன். பதில் வரும் என்று காத்திருந்ததில்லை. ஆனால் ஒருவர் காது கொடுத்துக் கேட்கிறார் என்பதில் எனக்குச் சந்தேகமே இருந்ததில்லை.

பன்னிரண்டாவது முடித்த பிறகு காலேஜில் சேர ஒரு வருடம் தள்ளிப்போனது. அந்த வருடம் அம்மாவோடு நானும் ஏலக்காட்டுக்குக் காய் எடுக்கப் போனேன். விடிவதற்குள் ஜீப்பு வந்து நிற்கும். மொக்கச்சாமி என்பவருடைய வண்டி. ஓட்டுவது சிலமலை ஊர்க்காரரான சின்ராசு அண்ணன். முப்பத்தைந்து வயதிருக்கும். அதிகம் பேசாத மனுசன். யார் தாமதமாக வந்தாலும் திட்டாமல், ஹாரனை ஒரு தடவை அடித்துவிட்டு உட்கார்ந்திருப்பார். போடிமெட்டுக்குப் பதினேழு கொண்டை ஊசி வளைவு. வளைவுகளில் எனக்குக் குமட்டும் என்பதால் பெண்கள் என்னை முன்சீட்டில் தள்ளிவிட்டார்கள். அந்த இடமே எனக்கு நிரந்தரமாகிவிட்டது.

ஆடி மாதத்தில் ஒரு சாயங்காலம். வேலை முடிந்து இறங்கிக்கொண்டிருந்தோம். என்னோடு சேர்த்துப் பதினான்கு பெண்கள். மழை விட்டுப் பனி இறங்கியிருந்தது. பின்னால் தார்ப்பாயைக் கட்டி மூடியிருந்ததால் உள்ளே இருந்தவர்களுக்கு வெளியே ஒன்றும் தெரியாது. பதினோராவது வளைவு திரும்பியதும் சின்ராசு அண்ணன் பிரேக்கை மிதித்தார். பெடல் அடிவரைக்கும் போனது, வண்டி நிற்கவில்லை. மறுபடி மிதித்தார். பிறகு கியரைக் குறைத்தார். வண்டி உறுமியதே தவிர வேகம் அடங்கவில்லை. ஹேண்ட் பிரேக்கை இழுத்தார். அதுவும் கேட்கவில்லை. என் பக்கம் பள்ளம். அவர் பக்கம் மலை. அவர் ஸ்டீயரிங்கை இரண்டு கையாலும் வலது பக்கமாக ஒடித்து, தான் உட்கார்ந்திருந்த பக்கத்தைப் பாறையோடு கொடுத்து உரசினார். தகரம் கிழிகிற சத்தம். நூறடி தூரம் அப்படியே உரசிப் போய், பாறை முடிந்த இடத்தில் ஓரத்து ஓடைக்குள் சக்கரம் இறங்கி, வண்டி ஒரு குலுக்குக் குலுக்கி நின்றது. அந்தக் குலுக்கலில்தான் அவர் வெளியே போய் விழுந்தார். ஜீப்புக்குக் கதவு கிடையாது.

இதை நான் ஒரு முழத் தூரத்தில் உட்கார்ந்து பார்த்தேன். அவர் கைகளைப் பார்த்தேன். வண்டி நிற்கிறவரை அவை ஸ்டீயரிங்கை விடவில்லை.

பின்னால் வந்த கேரளா லாரிக்காரர் ஒருவர் "பேடிக்கண்டா, பேடிக்கண்டா" என்று மலையாளத்தில் தைரியம் சொல்லிக்கொண்டே ஓடிவந்து எல்லோரையும் இறக்கினார். அம்மாவும் மற்றவர்களும் தார்ப்பாயை விலக்கிக்கொண்டு இறங்கியபோது, டிரைவர் சீட்டில் ஆள் இல்லை. பத்தடி தள்ளி ரோட்டோரத்தில் மண்டையில் ரத்தத்தோடு அவர் கிடந்தார். வலது முழங்கை நொறுங்கியிருந்தது. பெண்களில் ஒருத்திக்கும் சிராய்ப்புக்கு மேல் காயம் இல்லை. அவரை லாரியில் ஏற்றித் தேனி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை பாஸ்டர் என்னை முன்னால் கூப்பிட்டார். எங்கள் பாஸ்டர் அன்புச்செல்வன் கெட்டவர் இல்லை, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஜெபவீட்டில் யாருக்கு முடியாமல் போனாலும் சைக்கிளை எடுத்துக்கொண்டு முதலில் போய் நிற்பவர் அவர். ஆனால் மைக் கையில் இருந்தால் அவருக்கும் கொஞ்சம் சூடேறிவிடும்.

நான் சொன்னது இவ்வளவுதான்: பிரேக் பிடிக்கவில்லை, ஜீப்பு மலையில் உரசி நின்றது, ஆண்டவர் எங்களைக் காப்பாற்றினார். சொல்லிவிட்டு உட்காரப் போனேன். பாஸ்டர் கேட்டார்: "டிரைவர் எங்கம்மா இருந்தாரு?"

"கீழ கெடந்தாரு, ஐயா."

"டிரைவர் கீழ கெடந்தாரு. அப்ப ஸ்டீயரிங்கைப் பிடிச்சு நிப்பாட்டுனது யாரு?"

பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு "ஆண்டவர்! ஆண்டவர்!" என்று கத்தினார்கள் பாருங்கள், தகரக் கூரை அதிர்ந்தது. அம்மா இரண்டு கையையும் உயர்த்தி அழுதாள். அன்றைக்குப் புதிதாக வந்திருந்த அன்னக்கொடி அக்கா, அவளும் அந்த ஜீப்பில் பின்னால் இருந்தவள், முட்டி போட்டுவிட்டாள். 'இல்லை ஐயா, வண்டி நின்ற பிறகுதான் அவர் விழுந்தார்' என்ற வார்த்தை என் வாயில் இருந்தது. அதை விழுங்கினேன். என் வாழ்நாளில் அத்தனை பேர் என்னை அப்படிப் பார்த்ததில்லை.

விழுங்கியது அன்றைக்கு மட்டும்தான் சிரமமாக இருந்தது. அடுத்த வாலிபர் கூட்டத்தில் "டிரைவர் கையை விட்டுட்டாரு" என்றேன். பக்கத்து ஊரான தேவாரத்தில் ஒரு கூட்டத்துக்குக் கூப்பிட்டார்கள்; அங்கே "டிரைவர் பயந்து குதிச்சுட்டாரு" என்றேன். யாரும் சொல்லித் தரவில்லை, அதுவாகவே வந்தது. நான் "இயேசுவே" என்று மூன்று முறை கூப்பிட்டதாகவும், மூன்றாவது முறை கூப்பிட்டதும் ஸ்டீயரிங் தானாகத் திரும்பியதாகவும் சொன்னேன். உண்மையில் நான் யாரையும் கூப்பிடவில்லை. வாயிலிருந்து 'அம்மா' என்றுகூட வரவில்லை. எங்கே நிறுத்தினால் அழுவார்கள், எங்கே குரலை உயர்த்தினால் கைதட்டுவார்கள் என்பது எனக்கு அத்துப்படி ஆனது. ஜெபவீட்டைக் கூட்டும் சோலியை வேறொரு பிள்ளையிடம் கொடுத்துவிட்டேன். நேரமில்லை என்று சொன்னேன்.

என் தோழி சுஜாதா ஒரு கூட்டத்தில் என் சாட்சியை வீடியோ எடுத்து வாட்ஸ்அப்பில் போட்டாள். கோயில் குளம் எதற்கும் போகாத என் அப்பா அதைப் பெருமையோடு தன் நண்பர்களுக்கு அனுப்பினார். ஜீப்பு ஸ்டாண்டுக்குப் பக்கத்து டீக்கடையில் உட்கார்ந்து "எம்மக எப்பிடிப் பேசுது பாருங்கப்பா" என்று ஒவ்வொருவராகக் காட்டினார். பாவம், அவருக்கு என்ன தெரியும்.

பொங்கல் கழிந்த ஞாயிறு எனக்கு ஞானஸ்நானம் என்று முடிவானது. கொட்டக்குடி ஆற்றில் முழுக்குக் கொடுப்பார்கள். என்னோடு இன்னும் நான்கு பேர். தண்ணீரில் இறங்குவதற்கு முன் கரையில் நின்று சாட்சி சொல்ல வேண்டும். என் சாட்சியைத்தான் கடைசியாக வைத்திருந்தார்கள், கல்யாண விருந்தில் பாயசம் மாதிரி.

அதற்கு முந்தின வாரம், ஏலக்காட்டில் மத்தியானச் சாப்பாட்டு நேரம். சின்ராசு அண்ணனின் மனைவி கற்பகம் சற்றுத் தள்ளி ஒரு கல்லில் தனியாக உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். அவர் வண்டி ஓட்டிய நாள்வரை வீட்டில் இருந்தவள், இரண்டு மாதமாகத்தான் காய் எடுக்க வருகிறாள். அவருக்குக் கை சரியாகவில்லை, அதனால்தான் ஓட்டவில்லை என்று நான் நினைத்திருந்தேன். அப்படி நினைப்பது எனக்கு வசதியாக இருந்தது. சோற்றுத் தூக்குவாளியோடு அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். அவளுக்குச் சுவிசேஷம் சொல்லும் நல்லெண்ணத்தோடுதான் போனேன் என்றால் சிரிப்பீர்கள்.

"ஞாயித்துக்கெழம எனக்கு ஞானஸ்நானம், மதினி. நீங்களும் அண்ணனும் அவசியம் வரணும்" என்றேன்.

அவள் கையில் இருந்த சோற்றைத் தூக்கிலேயே போட்டாள். "எதுக்கு? எம்புருசன் குதிச்ச கதைய நீ மைக்குல சொல்லுவ, நாங்க குடும்பத்தோட ஒக்காந்து கைதட்டணுமா?"

"மதினி..."

"ஒஞ்சாமி பிடிச்சு நிப்பாட்டுச்சுன்னே இருக்கட்டும். சாமி பிடிக்கும், பிடிக்காது, அது எனக்கு என்னத்தத் தெரியும்? ஆனா எம்புருசன் கைய எதுக்குப் புள்ள எடுத்துவிட்ட?"

அவள் விடாமல் பேசினாள். சத்தம் போடவில்லை, மற்றவர்களுக்குக் கேட்டுவிடக் கூடாது என்று தாழ்த்தியே பேசினாள். ஸ்டாண்டில் அவருக்குக் 'குதிச்ச சின்ராசு' என்று பெயர் விழுந்துவிட்டது. பதினான்கு பொம்பளைகளைப் பள்ளத்தில் விட்டுவிட்டுக் குதித்தவனுக்கு எவன் வண்டி கொடுப்பான் என்று மொக்கச்சாமி சொல்லிவிட்டார். வேறு முதலாளிகளும் அதையே சொன்னார்கள். இப்போது அவர் தேவாரத்தில் யாரோ ஒருவருடைய மக்காச்சோளக் காட்டில், யானை வராமல் காவல் இருக்கிறார். மகள் அனுப்பிரியா நாலாவது படிக்கிறாள். வகுப்புப் பிள்ளைகள் பெஞ்சின் மேல் ஏறிக் கீழே குதித்து, "ஒங்கப்பன்டீ" என்று சொல்லிச் சிரிக்கிறார்களாம்.

"நீதான் முன்சீட்டுல இருந்த. நீதான் கண்ணால பாத்தவ. எம்மூஞ்சியப் பாத்துச் சொல்லு. குதிச்சாரா?"

"பனியா இருந்துச்சு, மதினி. சரியாத் தெரியல" என்றேன்.

மைக் முன்னால் இருபது நிமிடம் பளிச்சென்று தெரிந்தது, ஒருத்தி முகத்துக்கு நேராகக் கேட்டதும் பனியில் மறைந்துவிட்டது. ஒன்பது முறை சொன்னதைவிடவும் கேவலமான பொய் அதுதான் என்று சொல்லும்போதே தெரிந்தது. அவள் தூக்கை மூடிக்கொண்டு எழுந்து போய்விட்டாள்.

அன்று சாயங்காலம் யாரும் இல்லாத ஜெபவீட்டுக்குப் போனேன். ரொம்ப நாளைக்குப் பிறகு போனேன். முட்டி போட்டு ஜெபிக்கப் பார்த்தேன். வந்ததெல்லாம் கூட்டத்தில் சொல்லும் வார்த்தைகளே. நானே என் குரலைக் கேட்டுக்கொண்டிருந்தேன். இத்தனை மாதமாக நான் அவரோடு பேசவே இல்லை, அவரைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருந்திருக்கிறேன் என்பது உறைத்தபோது பயமாக இருந்தது. கைதட்டல் இல்லாமல் எனக்குப் பேசத் தெரியவில்லை. அந்தப் பயத்தோடு விளக்குமாற்றை எடுத்துக் கூடத்தைக் கூட்டினேன். அதற்குமேல் அன்றைக்கு என்னால் ஒன்றும் முடியவில்லை.

வியாழக்கிழமை பாஸ்டரிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் முகம் வாடிவிட்டது. கையில் இருந்த பைபிளை மூடி வைத்தார். பிறகு, "அந்த ஆளே ஒரு நாளும் மறுத்துப் பேசலையேம்மா. குதிக்காதவன் சும்மா இருப்பானா? ஒனக்குத்தான் பயத்துல சரியா ஞாபகம் இல்லையோ என்னவோ" என்றார்.

அது எனக்கும் தோன்றாமல் இல்லை. சின்ராசு அண்ணன் யாரிடமும் 'நான் குதிக்கவில்லை' என்று சண்டைக்குப் போகவில்லை. அந்த மௌனத்தைப் பிடித்துக்கொண்டுதான் ஐந்து மாதம் ஓட்டியிருந்தேன்.

"எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு, ஐயா. அவரு விடல."

"சரி. தனியாப் போயி அவர்ட்ட மன்னிப்புக் கேட்டுக்க. சபையில வேண்டாம். ஒஞ்சாட்சியக் கேட்டு ஆறு குடும்பம் வந்திருக்கு. இப்பத்தான் முளை விட்டிருக்கு. அதுல போயி மிதிக்கணுமா? யோசிச்சுப் பாரு."

யோசித்துப் பார்த்தேன். அவர் சொன்னது பயந்தவர் பேச்சு, ஆனால் பொய்ப் பேச்சு இல்லை. அந்த ஆறு குடும்பமும் எனக்கும் வேண்டியவர்கள்தான். வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னபோது அவள் அழவே ஆரம்பித்துவிட்டாள். "நானும்தான் அந்த ஜீப்புல இருந்தேன் ஆத்தா. ஒன்னைய வச்சுத்தான் எனக்கு விசுவாசமே பலப்பட்டுச்சு. இப்பப் போயி பொய்யின்னு சொன்னா ஒங்க பெரியப்பன் நடுத்தெருவுல நின்னு சிரிப்பாரு. நான் எங்குட்டுப் போயி முகத்த வச்சுக்கிடுவேன்?"

அம்மாவை அணைத்துக்கொண்டேன். தனியாக மன்னிப்புக் கேட்டால் சின்ராசு அண்ணனுக்கும் எனக்கும் மட்டும்தான் தெரியும். ஸ்டாண்டில் இருக்கிறவர்களுக்கும், பெஞ்சின் மேல் ஏறிக் குதிக்கிற பிள்ளைகளுக்கும் யார் சொல்வது? ஊரறியக் கெடுத்ததை ரகசியமாகச் சரிசெய்ய முடியாது. அது எவ்வளவு யோசித்தாலும் அங்கேதான் வந்து நின்றது.

ஞாயிற்றுக்கிழமை காலை ஆற்றில் இடுப்பளவு தண்ணீர் இருந்தது. பாஸ்டர் உள்ளே இறங்கி நின்றார். நாங்கள் ஐந்து பேரும் வெள்ளை உடையில் கரையில் நின்றோம். அறுபது எழுபது பேர் மணலில் உட்கார்ந்திருந்தார்கள். மற்ற நான்கு பேரும் சொல்லி முடித்ததும் என்னைக் கூப்பிட்டார்கள். சுஜாதா போனைத் தூக்கிப் பிடித்தாள். பாஸ்டர் தண்ணீரிலிருந்து என்னையே பார்த்தார். வேண்டாம் என்று அவர் கண்ணில் இருந்தது.

எந்த இடத்தில் நிறுத்த வேண்டும், எங்கே குரலை ஏற்ற வேண்டும், ஒன்றும் நினைவில்லை.

"நான் ஒம்போது தடவ சொன்ன சாட்சியில பொய் இருக்கு" என்றேன். "சின்ராசு அண்ணன் குதிக்கல. வண்டி நிக்கிற வரைக்கும் ஸ்டீயரிங்க விடல. தான் இருந்த பக்கத்தப் பாறையில கொடுத்து அவருதான் நிப்பாட்டுனாரு. நின்ன பெறகுதான் விழுந்தாரு. நான் பக்கத்துல இருந்து பாத்தேன். நான் இயேசுவேன்னு கூப்பிடவும் இல்ல. எனக்குக் குரலே வரல."

பாஸ்டர்தான் கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை, நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டது போலிருந்தது. "அப்ப ஆண்டவர் காப்பாத்தலையாம்மா?"

"காப்பாத்துனாரு, ஐயா. அந்த அண்ணன வச்சுத்தான் காப்பாத்துனாரு. அந்த அண்ணனையே நான் இல்லைன்னு ஆக்கிட்டேன்."

அன்னக்கொடி அக்கா எழுந்து நின்றாள். "அப்ப நான் எதைக் கேட்டுடீ வந்தேன்?" என்றாள். செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு மணலில் நடந்து போய்விட்டாள். இன்றுவரை அவள் ஜெபவீட்டுப் பக்கம் வரவில்லை. இரண்டு தடவை வீட்டுக்குப் போய்ப் பார்த்தேன். காப்பி கொடுத்தாள், பேச்சுக் கொடுக்கவில்லை. அந்தக் கணக்கு என் தலையில்தான் இருக்கிறது, நான் மறுக்கவில்லை.

பாஸ்டர் என்னிடம், "நீ கொஞ்சம் ஒக்காரும்மா" என்றார். மற்ற நான்கு பேருக்கும் முழுக்குக் கொடுத்தார். நான் நனையாத வெள்ளை உடையோடு மணலில் உட்கார்ந்திருந்தேன். அம்மா என் பக்கம் திரும்பவில்லை; ஆனால் எழுந்து போகவும் இல்லை. எனக்கு ஞானஸ்நானம் கிடைத்தது அதற்கு எட்டு மாதம் கழித்து. அதே ஆறு, அதே பாஸ்டர். அன்றைக்கு அவர் என்னிடம் சாட்சி கேட்கவில்லை, அவரே கரையில் நின்று, ஸ்டீயரிங்கைப் பிடித்தது யார் என்று முதலில் கேட்டது தான்தான் என்று எல்லோர் முன்பும் சொன்னார்.

கூட்டம் கலைந்ததும் சுஜாதாவிடம், "அந்தப் பழைய வீடியோ எங்கெங்க போச்சோ, அங்க எல்லாம் இதையும் அனுப்பு" என்றேன். அவள் என்னை ஒரு மாதிரிப் பார்த்துவிட்டு அனுப்பத் தொடங்கினாள். நான் அப்படியே ஜீப்பு ஸ்டாண்டுக்கு நடந்தேன். ஞாயிற்றுக்கிழமை என்பதால் டிரைவர்கள் வண்டிகளைக் கழுவிக்கொண்டிருந்தார்கள். மொக்கச்சாமி டீக்கடையில் இருந்தார். அவரிடமும் அங்கே நின்றவர்களிடமும் சொன்னேன். அவர் டீ கிளாஸைக் கீழே வைத்தார்.

"இத இப்ப வந்து சொல்றியே, ஒனக்கு வெக்கமா இல்ல?" என்றார்.

"வெக்கமாத்தான் இருக்கு."

அவருக்கும் ஏதோ உறுத்தியிருக்க வேண்டும். "கை மடங்குதான்னு பாப்போம். நாளைக்கு வரச் சொல்லு" என்றார்.

சிலமலை பஸ்சு பிடித்துப் போனேன். சின்ராசு அண்ணன் காவலுக்குத் திரும்பிப் போகக் கிளம்பிக்கொண்டிருந்தார். தாடி வளர்ந்து ஆளே இளைத்திருந்தார். வலது கை பாதிக்குமேல் நீளவில்லை. கற்பகம் மதினி என்னைப் பார்த்ததும் அடுப்படிக் கதவில் சாய்ந்து நின்றுவிட்டாள். வா என்று சொல்லவில்லை. அண்ணன்தான் நாற்காலியை இழுத்துப் போட்டார். நான் உட்காரவில்லை.

"அண்ணே, நான் ஒங்களப் பத்திச் சொன்னதெல்லாம் பொய். இன்னைக்கு ஆத்தங்கரையில எல்லார் முன்னாலயும் சொல்லிட்டேன். ஸ்டாண்டுலயும் சொல்லிட்டேன். மொக்கச்சாமியண்ணன் நாளைக்கு ஒங்கள வரச் சொன்னாரு. நீங்க குதிக்கவே இல்ல. என்னைய மன்னிச்சுருங்க."

அடிப்பார் அல்லது போ வெளியே என்பார் என்று எதிர்பார்த்திருந்தேன். அவர் என்னை உற்றுப் பார்த்தார். அந்தப் பார்வையில் கோபம் இல்லை. ஏதோ புரியாத பாஷையைக் கேட்பவர் மாதிரி இருந்தார்.

"அப்ப... நான் குதிக்கலையா?" என்றார்.

கற்பகம் கதவை விட்டு நிமிர்ந்தாள். "என்ன கேக்குறீங்க?"

"எனக்கு ஞாபகம் இல்ல, கற்பகம்." அவர் அவளைப் பார்க்காமல் சொன்னார். "அதுக்கு முந்துன வளைவு திரும்புனது தெரியும். அதுக்குப் பெறகு தேனி ஆஸ்பத்திரியில ஃபேன் சுத்துனதுதான் தெரியும். நடுவுல ஒண்ணுமே இல்ல. எவ்வளவோ யோசிச்சுப் பாத்துட்டேன்."

"இத ஏன் எங்கிட்டக்கூடச் சொல்லல?"

"என்னன்னு சொல்ல? குதிச்சேன்னு எல்லாரும் சொன்னாங்க. மொதல்ல நம்பல. அப்புறம் இந்தப் புள்ள பேசுனதப் போன்ல காட்டுனாங்க." என் பக்கம் திரும்பினார். "நீ பக்கத்துல இருந்தவ. அதுவும் ஒஞ்சாமி முன்னால நின்னு சொல்ற. சாமி முன்னால நின்னு ஒரு பொம்பளப் பிள்ள பொய் சொல்லாதுன்னு நெனச்சேன். அப்ப நான் குதிச்சுத்தான் இருக்கணும். பதினாலு பேர விட்டுட்டுக் குதிச்ச பயதான் நான்னு, நானே..."

வேலை போனது, பெயர் போனது என்று மட்டும்தான் நான் நினைத்திருந்தேன். அவரைப் பற்றி அவருக்கே இருந்த நம்பிக்கையையும் பிடுங்கியிருக்கிறேன், அதுவும் ஆண்டவர் பெயரைச் சொல்லி. கடவுளே, என்னை மன்னியும் என்று மனசுக்குள் சொன்னேன். எத்தனையோ மாதத்துக்குப் பிறகு, யாரும் கேட்காமல், ஆண்டவரிடம் மட்டும் சொன்னது அதுதான்.

அண்ணன் வாசலைப் பார்த்துக் குரல் கொடுத்தார். "அனு, இங்க வாத்தா. வெரசா வா." வெளியே விளையாடிக்கொண்டிருந்த மகள் ஓடிவந்து அவர் முழங்காலில் சாய்ந்து நின்றாள். நல்ல கையால் அவளை அணைத்துக்கொண்டார். கற்பகம் மதினியும் கீழே உட்கார்ந்துவிட்டாள்.

"இப்பச் சொல்லு ஆத்தா. மொதல்லருந்து சொல்லு. ஒண்ணையும் விடாம, பையச் சொல்லு."

நானும் தரையில் உட்கார்ந்தேன். பெடல் அடிவரை போனதைச் சொன்னேன். கியரையும் ஹேண்ட் பிரேக்கையும் சொன்னேன். அவர் கை எங்கே இருந்தது, எந்தப் பக்கம் ஒடித்தார், பாறை எவ்வளவு தூரம் உரசியது என்று, பார்த்ததை மட்டும் சொன்னேன். அனுப்பிரியா வாயைத் திறந்தபடி அப்பா முகத்தையும் என் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"நான் ஏதும் பேசுனேனா?" என்று கேட்டார்.

"பேசுனீங்கண்ணே. இதைத்தான் ஒரு கூட்டத்துலயும் சொல்லாம மறச்சேன். பாறையில கொடுக்குறதுக்கு முன்னாடி என்னையப் பாத்து, 'பள்ளத்தப் பாக்காத ஆத்தா, எம்பக்கம் சாஞ்சுக்க'ன்னீங்க."

அவர் மகளின் தலையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதார். கற்பகம் மதினி அவர் முதுகைத் தடவிக்கொண்டே இருந்தாள். கொஞ்சநேரம் கழித்து முகத்தைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தார்.

"இன்னொருக்காச் சொல்லு" என்றார்.

நான் மறுபடி முதலிலிருந்து சொல்ல ஆரம்பித்தேன்.